பார்த்த பட்டணத்தை மறுபடியும் பார்ப்பது

ஒரு முறை பார்த்துவிட்ட பட்டணத்தை மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்ப்பதில் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். விடுமுறை வந்தால் இதுவரை காணாத இடத்துக்கே போக வேண்டும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். கண்ட இடத்துக்கே திரும்பப் போவது காசுக்கும் காலத்துக்கும் நஷ்டம் என்பது அவர்களுடைய கணக்கு. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் பாலாவி என்னும் சிற்றூரில் பிறந்து, பள்ளிக்கூட விடுமுறை தோறும் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கொழும்புக்குச் சென்று, அதே நூதனசாலையையும் அதே மிருகக்காட்சிச்சாலையையும் அதே காலிமுகத்திடலையும் கண்டு, நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பிய தலைமுறையைச் சேர்ந்த நான், அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன். இந்தத் தேசத்தின் தலைநகரத்தில் எங்களுக்கும் பாத்தியதை உண்டு என்னும் உணர்ச்சி எங்கள் நெஞ்சில் வேரூன்றியது அந்தப் பிரயாணங்களாலேதான். அது ஒரே தரிசனத்தில் உண்டாகக்கூடிய உணர்ச்சியன்று.

கொழும்பிலிருந்து வரும் பெருந்தெருவை விட்டுக் கற்பிட்டிக்குப் போகும் பாதை பிரிகின்ற சந்தியே பாலாவி. புத்தளம் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, ஒரு பக்கம் களப்பும் அதன் ஓரத்தில் வெயிலில் மின்னும் உப்பளங்களும், மறுபக்கம் தென்னந்தோட்டங்களுமாக அமைந்த ஊர். தலைநகரம் அங்கிருந்து சுமார் 120 கிலோமீற்றர் தூரம். 1909-இல் நீர்கொழும்பையும் 1916-இல் சிலாபத்தையும் எட்டிய இருப்புப்பாதை 1926-இல் புத்தளம் வந்து சேர்ந்தது. அதுமுதல் எங்கள் ஊரார் கோச்சி என்று சொல்லும் புகைவண்டி, எங்கள் உப்பையும் தேங்காயையும் கருவாட்டையும் ஏற்றிச் சென்றதோடு எங்களையும் ஏற்றிச் சென்றது. உப்பு வாரி முடிந்து கையில் நாலு காசு புழங்கும் ஓகஸ்ட் மாதத்தில் பள்ளிக்கூட விடுமுறையும் வந்துவிடுமாதலால், உப்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுவே பிரயாண காலம்.

மழை சற்று முந்திப் பெய்து பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோன வருஷங்களும் உண்டு. அவ்வாறான வருஷத்தில் பிரயாணத்தைப் பற்றிய பேச்சே வீட்டில் எழாது, பிள்ளைகளும் கேட்கமாட்டார்கள். வானத்தையும் வாப்பாவின் முகத்தையும் பார்த்தே பதிலை அறிந்துகொள்ளும் பக்குவம் எங்களுக்கு இருந்தது.

போவதென்று நிச்சயமான வருஷத்தில், முந்தின இரவே உம்மாவும் மூத்தம்மாவும் அடுக்களையில் விழித்திருப்பார்கள். பட்டணத்துக் கடையில் ஒரு குடும்பம் முழுவதும் மூன்று வேளை உண்பதென்றால் அது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே வாட்டிய வாழையிலையில் சோற்றுப் பொதிகள், தேங்காய்ச் சம்பல், பொரித்த மீன், பிளாஸ்கில் தேநீர் எல்லாம் எங்களோடு பிரயாணம் செய்யும். விடிவதற்கு முன்பே பாலாவிப் புகையிரத நிலையத்தில் நிற்போம். மதுரங்குளி, முந்தல், சிலாபம், மாதம்பை, நாத்தாண்டியா, லுணுவில, நீர்கொழும்பு, சீதுவை, ஜாஎல, ராகமை என்று நிலையங்களின் வரிசையை வாய்ப்பாட்டைப் போல ஒப்பிக்க அறிந்திருந்த ராத்தா, அடுத்து எது வருமென்று எங்களைக் கேட்டுக்கொண்டே வருவாள். தெதுறு ஓயாவையும் மகா ஓயாவையும் கடந்து, பெயர்ப்பலகைகளில் மூன்று மொழிகளையும் எழுத்துக்கூட்டிப் படித்து, களனி கங்கையின் பாலத்தில் சக்கரங்களின் சத்தம் மாறும்போது ஜன்னலோரத்துக்கு முண்டியடித்த எங்களுக்கு, தேசத்தின் பூகோளம் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பாதி பாடமாகிவிட்டது. முதல் பிரயாணத்தில் ஜன்னலுக்கு வெளியே ஓடியவை வெறும் மரங்கள். பின்னர் அவை ஊர்களாயின. அதற்கும் பின்னர் அந்த ஊர்களில் மாமி வீடு, வாப்பாவின் சிநேகிதர் கடை என்று மனிதர்கள் குடியேறினார்கள்.

பிரயாணம் என்பது எப்போதும் ஒரு திசையில் மட்டும் நடந்ததன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1344-இல் இப்னு பதூதா என்னும் உலகம் சுற்றிய மொரோக்கோ நாட்டவர் இலங்கையில் வந்திறங்கிய இடம் எங்கள் கரைதான். அவர் குறிப்பிடும் பட்டாலா என்ற ஊர் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர்களின் கொள்கை. கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், முத்துக்கள் நிறைந்த ஆரியச் சக்கரவர்த்தியின் சபையில் தாம் உபசரிக்கப்பட்டதையும், அவ்வரசனின் உதவியோடு பாவாத மலைக்குச் சென்றதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். பட்டணம் பார்க்கப் போகும் எங்கள் ஊரே ஒரு காலத்தில் பிறர் வந்து பார்த்த பட்டணம்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் எங்களை எதிர்கொள்வது புறக்கோட்டை. அதன் நெரிசலைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் காணாதவர் இலங்கையில் குறைவு. 1908-இல் தொடங்கி 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் செந்நிறமும் வெண்ணிறமும் கலந்த சுவர்களின் எதிரே நின்று அண்ணாந்து பார்ப்பதும், வாப்பா தொழுதுவிட்டு வரும்வரையில் துணிக்கடைகளின் வாசலில் உம்மா விலை மட்டும் விசாரிப்பதும் தவறாமல் நடக்கும். பிறகு பஸ் ஏறி நூதனசாலைக்குப் போவோம்.

நூதனசாலையைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்து 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகையைக் கட்டியவர் வாப்புச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். வேலை முடிந்தபோது என்ன வெகுமதி வேண்டுமென்று தேசாதிபதி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் அவர் கேட்கவில்லை என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. வாப்பா அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் படியேறும்போது சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதைப் போலவே கேட்போம். இத்தனை பெரிய கட்டடத்தை எழுப்பியவர் எங்களைப் போலத் தமிழ் பேசிய ஒருவர் என்ற செய்தி, அந்த அகன்ற தாழ்வாரங்களில் கூசாமல் நடப்பதற்கு எங்கள் கால்களுக்கு வலிமை தந்தது.

சிறு வயதில் எங்களைக் கவர்ந்தது கண்டி அரசரின் சிங்காசனம். ஒல்லாந்தர் 1693-இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்ததும், 1815-இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டதும், 1934-இல் திரும்பி வந்ததுமான அந்தப் பொன் பூசிய ஆசனத்தின் முன் நாங்கள் நின்ற நேரத்துக்கு அளவில்லை. அதன் கைப்பிடிகளாக அமைந்த சிங்கங்களே அக்காலத்தில் எங்கள் சரித்திர ஞானம் முழுவதும். அந்த ஆசனத்தில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே 1832-இல் மடிந்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபின் மறுபடி சென்றபோதோ, அதே சிங்காசனம் முன்னிலும் துக்ககரமான ஒரு பொருளாகக் காட்சியளித்தது. பொருள் மாறவில்லை, அதைப் பார்த்த கண் மாறியிருந்தது.

அதைவிடவும் பெரிய விஷயம், பல வருஷங்களாக நாங்கள் கவனியாமலே கடந்துபோன ஒரு கல். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் 1409-ஆம் ஆண்டுத் திகதி பொறித்துக் கொண்டுவந்த அக்கல், 1911-இல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் சாசனம் செதுக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானுக்குச் செலுத்தும் காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி, இன்று தெய்வேந்திரமுனை என வழங்கும் தெனாவரையில் கோயில் கொண்டிருந்த நாயனாருக்கு உரியது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் அமைந்தது. பொன்னும் வெள்ளியும் பட்டுமாக மூவருக்கும் ஒத்த காணிக்கை.

வாப்பா ஒரு விடுமுறையில் அக்கல்லின் முன் நின்று, "மகன், இங்க வாங்க, நம்மட எழுத்து இருக்கு பாருங்க" என்று கூப்பிட்டார். தேய்ந்துபோன அந்த எழுத்துக்களில் ஒன்றிரண்டை நாங்கள் விரலால் சுட்டிக் கண்டுபிடித்தபோது மூத்தம்மாவும் கிட்ட வந்தார். பாரசீகப் பகுதியின் எழுத்து குர்ஆனின் எழுத்தைப் போலிருப்பதைக் கண்டு நெடுநேரம் அசையாமல் நின்றார். மொழியையும் மார்க்கத்தையும் பற்றி இந்நாட்டில் நடந்த எத்தனையோ பிரசங்கங்களை அதன்பின் கேட்டிருக்கிறேன். தமிழை மொழியாகவும் இஸ்லாத்தை மார்க்கமாகவும் கொண்டு, சிங்கள அயலவரோடு கலந்து வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இத்தீவில் உள்ள ஸ்தானத்தை அந்தக் கல்லைப் போலத் தெளிவாக எடுத்துரைத்தவர் எவருமில்லை என்பதே என் அபிப்பிராயம். ஒரே தடவை வந்து, பட்டியலிட்டபடி எல்லாவற்றையும் அவசரமாகக் கண்டு திரும்பியிருந்தால் அந்தக் கல் எங்களுக்கு வாய்த்திராது. சிங்காசனத்தின் வியப்பு சற்றுத் தணிந்த பிறகே கண் பக்கத்தில் திரும்பும்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐரோப்பாவுக்கு மிருகங்களை அனுப்பும் வியாபாரியான ஜோன் ஹேகன்பெக் அமைத்த நிலையத்தை 1936-இல் அரசாங்கம் ஏற்று நடத்தத் தொடங்கியது. மாலையில் யானைகள் ஆடிக் காட்டிய காலத்தில் நாங்கள் கைதட்டிக் களித்தது மெய்யே. ஆயினும் அவ்வளவு பெரிய ஜீவனை மனிதரின் களிப்புக்காக ஆட்டுவிப்பது நியாயமன்று என்று எண்ணும் அளவுக்கு உலகம் இன்று முன்னேறியிருப்பதில் எனக்குப் பூரண திருப்தி.

எல்லாம் முடிந்து வெயில் தாழும்போது போய்ச் சேரும் இடம் காலிமுகத்திடல். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856-இல் தொடங்கி 1859-இல் முடித்த அந்த நடைபாதையில், கொழும்பு நகரத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக அதைப் பின்வருவோர் காக்க வேண்டுமென்ற கருத்துள்ள கல் ஒன்று நாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துத் தேசாதிபதியின் மனத்தில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் யார் யாரோ. ஆனால் காலப்போக்கில் அத்திடலை உரிமை கொண்டாடியவர்கள் மூலைமுடுக்கெல்லாம் இருந்து சோற்றுப் பொதியோடு வந்த குடும்பங்களே. அனுமதிச் சீட்டு இல்லை. வாசற் கதவு இல்லை. இன்னார்தான் உட்காரலாம் என்ற நியதி இல்லை. இறால் வடையும் மாங்காய் அச்சாறும் வாங்கக் கையில் மிஞ்சிய சில்லறை போதும். வாங்க முடியாதவர்களுக்கும் காற்று ஒன்றேதான்.

களப்போரத்தில் வாழ்பவர்கள் கடலைப் பார்க்கவா இத்தனை தூரம் போனீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். எங்கள் ஊரில் நீர் என்பது வேலை. அதைப் பாத்திகளில் கட்டி, வெயிலில் காய்ச்சி, படிப்படியாக உப்பாக்க வேண்டும். அல்லது அதில் வலை இறக்க வேண்டும். உப்பு நீரில் நின்று நின்று வெடித்துப்போன பாதங்களையுடைய மூத்தம்மா, காலிமுகத்திடலின் புல்லில் கால்களை நீட்டி அமர்ந்து, தம்மிடம் எந்த வேலையையும் கேளாத ஒரு கடலை அங்கேதான் பார்த்தார். பட்டம் விடும் பிள்ளைகள், துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கப்பல்களின் விளக்குகள், 1864 முதல் திடலின் தெற்கு ஓரத்தில் நிற்கும் பெரிய ஹோட்டலின் வெளிச்சம், எல்லாவற்றையும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வருஷத்தில் ஒரு மாலையாவது உழைப்பாளி ஒருவர் வெறுமனே அமர்ந்திருப்பதற்கு ஒரு இடம் தலைநகரத்தில் இருந்தது என்பதை நான் சாமானிய விஷயமாகக் கருதவில்லை.

யுத்தம் இந்தப் பிரயாணங்களைக் குலைத்தது. 1996 ஜனவரி 31-ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடத்தில் குண்டு வெடித்தபின் கோட்டைப் பகுதியின் தெருக்கள் பல தடைகளுக்குள் மறைந்தன. அடையாள அட்டையைக் கையில் ஏந்தாமல் நடமாட முடியாத காலத்தில் தமிழ் பேசும் குடும்பம் எதுவும் உல்லாசமாகப் பட்டணம் பார்க்கத் துணிவது அரிதாயிற்று. அதற்கு முன்பே, 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வடக்கின் பிற பகுதிகளிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட சொற்பப் பொருளோடு புத்தளத்துக்கும் பாலாவிக்கும் கற்பிட்டிப் பக்கத்துக்கும் வந்து ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். அவ்வாறு அயலில் வந்து குடியேறிய ஒரு குடும்பத்துப் பிள்ளைகளையும் எங்கள் வீட்டார் ஒரு விடுமுறையில் கொழும்புக்கு அழைத்துச் சென்றனர். பிரயாணம் என்றால் வீட்டை இழப்பது என்று மட்டும் அறிந்திருந்த அந்தப் பிள்ளைகள், மாலையானதும் "நாங்க திரும்பிப் போவோம்தானே?" என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போவோம், மகள், போவோம் என்று உம்மா ஒவ்வொரு தரமும் பதில் சொன்னார். போன இடத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையையும் ஒரு பிள்ளைக்கு யாராவது கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இன்று யுத்தம் இல்லை, பாதைகள் திறந்திருக்கின்றன. ஆயினும் எங்களைப் போன்ற குடும்பங்களின் கொழும்புப் பிரயாணம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திடலுக்கு அருகே 269 ஹெக்டேயர் கடலை மூடித் துறைமுக நகரம் எழுகிறது. 350 மீற்றரையும் கடந்து உயர்ந்த தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பர் முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை ஏற்றுகிறது. குளிரூட்டப்பட்ட அங்காடி மாளிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்கின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை. ஆனால் பட்டணம் பார்ப்பது என்பது பணம் கொடுத்து உள்ளே நுழைவது என்றாகிவிட்டால், உப்பு வாரும் ஒருவர் தம் பிள்ளைகளோடு ஒரு பகலை அங்கே கழிப்பது எங்ஙனம்? 2022-இல் பொருளாதாரம் சரிந்து எரிபொருளுக்கும் உணவுக்கும் மக்கள் தெருவில் வரிசையாக நின்றபோது, தேசத்தின் நாலு திசைகளிலிருந்தும் வந்தோர் ஒன்றுகூடித் தங்கள் குரலை எழுப்பியது காலிமுகத்திடலில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாசற் கதவில்லாத நிலம் ஒன்று தலைநகரத்தில் இருந்ததாலேயே அது கைகூடியது.

கொழும்புக்கும் எங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொழும்பின் சமையலறைக்கு உப்பும், அதன் மாடமாளிகைகளுக்குச் சீமெந்தும் புத்தளம் அனுப்புகிறது. பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பாதையில் போனால் எதிர்ப்படும் நுரைச்சோலை அனல் மின்நிலையம், 900 மெகாவாற்று உற்பத்தித் திறனோடு நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது. அதன் தூசியும் புகையும் எங்கள் அயலில் தங்குகின்றன. 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி, புத்தாண்டு தினத்திலே, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து மனித உயிர்களைப் பலிகொண்ட பின், கொழும்பின் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அரசாங்கம் கண்ட விடை புத்தளத்து அருவக்காடு. நாங்கள் பிள்ளைப் பிராயத்தில் ஏறிப் போன அதே இருப்புப்பாதை வழியாக அந்தக் குப்பையைக் கொண்டுவரத் திட்டம் வகுத்தார்கள். புத்தளத்து மக்கள், இன மத பேதமின்றித் தெருவில் இறங்கி அதை ஆட்சேபித்தது சகலரும் அறிந்ததே.

ஆகவே என் வேண்டுகோள்கள் தயவை நாடியவையல்ல, உரிமையைச் சார்ந்தவை. கொழும்பிலிருந்து புறப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை நீர்கொழும்போடும் சிலாபத்தோடும் நின்றுவிடாமல், விடுமுறை நாட்களிலேனும் விடியற்காலையில் புத்தளத்திலிருந்து புறப்பட்டு இரவில் திரும்பும் வண்டி ஒன்று தவறாமல் ஓட வேண்டும். கோட்டை நிலையத்தின் அருகே, வெளியூரிலிருந்து ஒரு நாளைக்கென்று வரும் குடும்பங்கள் பொதியை அவிழ்த்து உண்ணவும், முதியவர்கள் சற்றுச் சாயவும், பெண்கள் மானத்தோடு பயன்படுத்தவும் தக்க இலவச விடுதி ஒன்றை மாநகர சபை அமைத்தல் வேண்டும். நூதனசாலையில் எழுதி வைக்கப்படும் ஒவ்வொரு விளக்கமும் பிழையற்ற தமிழிலும் இருக்க வேண்டும்; அந்த மும்மொழிக் கல் இருக்கும் மாளிகையில் இதை நான் தனியாக வாதிட வேண்டிய அவசியமில்லை. காலிமுகத்திடலின் ஒரு சாண் புல்லையும் எந்தக் காலத்திலும் வேலியிட்டுக் கட்டணம் வசூலிக்கும் இடமாக்கலாகாது.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கொழும்புப் பள்ளிக்கூடங்கள் தங்கள் மாணவர்களை எங்கள் பக்கத்துக்கும் வருஷந்தோறும் அழைத்து வர வேண்டும். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருக்கிறது. இப்னு பதூதா இறங்கிய கரை இருக்கிறது. தாங்கள் உண்ணும் உப்பு எத்தனை பாத்திகளைக் கடந்து, எத்தனை நாள் வெயிலில் விளைகிறது என்பதை உப்பளத்து வரம்பில் நின்று பார்க்கலாம். தங்கள் வீட்டு விளக்கு எங்கே எரிகிறது, தங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்பதையும் பார்க்கலாம். அவர்களும் ஒரு முறையோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த வருஷமும் வரட்டும், அதற்கடுத்த வருஷமும் வரட்டும். பாலாவி நிலையத்தில் இறங்கினால் வழி காட்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.